உள்ளே இருக்கும் அம்மா

“உள்ள இருக்கிற அம்மாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? நாங்க நின்ன நேரம் பூரா திரும்பியே பார்க்கலையே” என்றாள், குடைக் கூடைக்குள் தன் குடையைத் தேடிக்கொண்டிருந்த வெளியூர்க்காரி.

கேட்டவளுக்கு அது போகிற போக்கில் கேட்ட கேள்வி. வாசல் மேசையில் உட்கார்ந்து நுழைவுச் சீட்டு கிழித்துக்கொண்டிருந்த காட்சியகக் காப்பாளருக்குத்தான் கை அப்படியே நின்றுவிட்டது. உள்ளே அம்மா என்று யாரும் இல்லை. அவளைப் பெற்ற அம்மா கொஞ்ச நாள் முன்புவரை அந்த அறையில் இருந்தது உண்மைதான். ஆனால் மழை தொடங்கியதிலிருந்து அம்மா வீட்டில் படுத்த படுக்கை. பக்கத்து வீட்டு அத்தை கூட இருந்து பார்த்துக்கொள்கிறாள். இதை அப்படியே சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி வரும். அந்த அடுத்த கேள்விக்குத்தான் அவளுக்குப் பயம்.

“கொஞ்சம் அசதி” என்றாள்.

“பாவம். ஆனா ரொம்ப இயல்பா இருக்காங்க. நடிக்கிற மாதிரியே தெரியலை” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் மழைக்குள் இறங்கிப் போனாள்.

கூடம் காலியாகும்வரை காத்திருந்து காப்பாளர் எழுந்து உள்ளே போனாள். அந்தக் காட்சியகம் முன்பு உப்புக் கிடங்காக இருந்த கட்டடம். எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தாலும் மழைக்காலம் வந்தால் சுவர் வியர்த்து, பூச்சு பொரிந்து, நாக்கில் வைக்காமலே கரிக்கும். முதல் அறையில் துடுப்புகளும் நங்கூரமும் கிழிந்த படகுப் பாயும். இரண்டாவதில் தீவுக்காரர்களின் பழைய புகைப்படங்கள். மூன்றாவதுதான் ‘தீவு வீடு’. ஒரு வீட்டை நடுவில் வாளால் அறுத்து ஒரு பாதியை மட்டும் கொண்டுவந்து வைத்ததுபோல, அடுப்பு, தண்ணீர்ப் பானைகள், கயிற்றுக் கட்டில், முக்காலி, ஆணியில் தொங்கும் விளக்கு. பார்வையாளர் தாண்டாமல் இருக்க முன்னால் குறுக்கே ஒரு கயிறு. கூரைத் தகரத்தில் மழை விழும் சத்தம் பெரிதாகவும், அதற்கு அடியில், துணியைத் தரையில் இழுத்துக்கொண்டு யாரோ நகர்வதுபோல ஒரு சத்தம் சின்னதாகவும் கேட்டது. அவள் நின்றதும் அதுவும் நின்றது.

அறையில் யாரும் இல்லை. முக்காலி மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. கூட்டிப் பெருக்குகிறவள் திருப்பி வைத்திருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கயிற்றுக்கு மேலாகக் கையை நீட்டி அதை நேராக வைத்தாள். பலகை கதகதவென்று இருந்தது, இப்போதுதான் யாரோ எழுந்துபோன மாதிரி.

அந்த வீட்டில் இருந்த சாமான் அத்தனையும் அம்மாவுடையது. கரையோரம் இருந்த அவர்கள் வீட்டைக் கடல் அரித்துத் தின்றபோது, தாயும் மகளும் உள்ளே தள்ளி ஒரு வாடகை வீட்டுக்குக் குடிபோனார்கள். புது இடத்தில் இரண்டு பேர் காலை நீட்டிப் படுக்கவே இடம் போதாது. சாமான்களை என்ன செய்வது? மகள் அப்போதே காட்சியகத்தில் வேலை பார்த்தாள். அடுப்பிலிருந்து ஆணிவரை எல்லாவற்றையும் கொண்டுவந்து, அவை அதனதன் இடத்தில் எப்படி இருந்தனவோ அப்படியே வைத்தாள். ஊரே மெச்சியது. அம்மாகூட, “தூக்கிப் போடாம வெச்சிருக்கியே, அதுவே போதும் வாலு” என்றாள். ஐம்பதைத் தாண்டிய காப்பாளரை வாலு என்று கூப்பிட உலகத்தில் அந்த ஒரு வாய்தான் இருந்தது.

அப்புறம் மறதி வந்தது. முதலில் சாவி, பிறகு கிழமை, கடைசியில் மகள். புது வீட்டில் ஒருநாள்கூட அம்மா நிலைகொள்ளவில்லை. கண்ணைத் திருப்பினால் போதும், படகுத் துறைக்குப் போய் நின்றுகொண்டு, என்னை வீட்டில் கொண்டுபோய் விடுங்கள் என்று போகிற வருகிறவர்களைக் கெஞ்சுவாள். வேறு வழியில்லாமல் மகள் அவளை வேலைக்கே கூட்டிவந்தாள். மூன்றாவது அறையைக் கண்டதும் அம்மா நின்றாள். பிறகு கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே போய், கட்டிலில் உட்கார்ந்து, “அப்பாடா” என்றாள். அந்த ஒரு சொல்லைக் கேட்டு மகள் அன்றைக்கு அழுதாள். அது சந்தோஷ அழுகைதான். அதுவரை அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை.

பார்வையாளர்கள் பார்த்தார்கள். ஒரு கிழவி தன்பாட்டுக்கு நெருப்பில்லாத அடுப்பை விசிறுகிறாள், பானையைத் துடைக்கிறாள், விளக்குத் திரியைத் தூண்டுகிறாள். படம் எடுத்தார்கள். காட்சியகக் குழுவுக்குத் தலைவர் ஓய்வுபெற்ற கப்பல் அதிகாரி. எல்லோரும் கப்பல்காரர் என்பார்கள். ஆள் வராத காட்சியகத்தை இழுத்து மூடிவிடலாம் என்று அவரேதான் போன கூட்டத்தில் சொல்லியிருந்தார். இப்போது கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த கதையாக, வரிசை வாசலைத் தாண்டியது.

“இதுதாங்க நமக்கு வேணும். எழுதி ஒட்டினா எவன் படிக்கிறான்? அம்மா பாட்டுக்கு இருக்கட்டும், தொந்தரவு பண்ணாதீங்க” என்றார் கப்பல்காரர்.

தொந்தரவு பண்ணவில்லை. அழகுபடுத்தினாள். அந்தக் காலத்துக்குப் பொருந்தாத எதுவும் அங்கே கூடாது என்பது அவள் தொழிலின் முதல் பாடம். வெந்நீர்ப் பிளாஸ்கை எடுத்தாள். அம்மாவின் கம்பளிக் காலுறையைக் கழற்றினாள். மூக்குக் கண்ணாடியையும் எடுத்து மேசை இழுப்பறையில் வைத்தாள். பிளாஸ்டிக் சட்டம், பார்க்க உறுத்தியது. கண்ணாடி இல்லாமல் அம்மாவுக்கு ஆட்கள் ஆட்களாகத் தெரிய மாட்டார்கள், நிழல்களாகத்தான் தெரிவார்கள். அது மகளுக்குத் தெரியும். தெரிந்தேதான் எடுத்தாள்.

ஒருநாள் பெரிய கூட்டம். கப்பல்காரர் யாரோ முக்கியமான விருந்தாளியைக் கூட்டிவந்து பின்வரிசையில் நின்றிருந்தார். காப்பாளர் விளக்கிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அம்மா எழுந்தாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு, குரல் வந்த திசைக்கு முகத்தை நீட்டி, ரகசியம் பேசுவதுபோல் சொன்னாள்:

“ஏம்மா, நீ யாரோ நல்ல வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்க. என் வீட்டுக்குள்ள எத்தனை பேரு நிக்கிறாங்க பாரு. யாருன்னே தெரியலை. நான் துணி மாத்தணும். கொஞ்சம் போகச் சொல்லேன்.”

சேலை இடுப்புக்குக் கீழே நனைந்திருந்தது. முன்வரிசைக்குத் தெரிந்ததோ இல்லையோ, மகளுக்குத் தெரிந்தது. அவள் பின்வரிசையைப் பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே கூட்டத்திடம் சொன்னாள்: “பார்த்தீங்களா? தீவுப் பொம்பளைங்க அந்நியரைக் கண்டா அந்தக் காலத்துல இப்படித்தான் விரட்டுவாங்க.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. யாரோ கை தட்டினார்கள். அம்மா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அம்மா பேசவில்லை, நடக்கவில்லை, ஊட்டினால் விழுங்குவாள். பக்கத்து வீட்டு அத்தை அவளுக்குத் தலை வாரிக்கொண்டே ஒருநாள் சொன்னாள்: “உசிரு இங்கதான் இருக்கு. ஆளு இங்க இல்லை. எங்கேயோ விட்டுட்டு வந்துட்டாப்ல இருக்கு.” அத்தை யதார்த்தமாகத்தான் சொன்னாள். கேட்டவளுக்குச் செருப்பால் அடித்தமாதிரி இருந்தது.

இந்த லட்சணத்தில்தான் இப்போது, உள்ளே ஓர் அம்மா இருக்கிறாள் என்கிறார்கள்.

மறுநாள் ஒரு பள்ளி ஆசிரியை, அந்த அம்மா ஏன் மூலையில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறார் என்று கேட்டாள். அடுத்து வந்த தம்பதியில் மனைவி வெளியே வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள், “முகத்தை மூடிக்கிட்டு அழறாங்க. நிஜமா அழற மாதிரியே இருக்கு” என்றான் கணவன். ஒவ்வொரு முறையும் காப்பாளர் உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தாள். அடுப்பு. பானை. கட்டில். அம்மா தலைக்கு வைக்கும் எண்ணெயின் வாசனை, ஈரச் சேலையின் வாடை. ஊருக்கெல்லாம் தெரிகிற அம்மா பெற்ற மகள் கண்ணுக்கு மட்டும் தெரியவில்லை.

கப்பல்காரர் மழையில் நனைந்துகொண்டு வந்தார். முகமெல்லாம் பல். “அம்மாவை மறுபடி கூட்டிட்டு வர ஆரம்பிச்சுட்டீங்களாமே! ஒரு வார்த்தை சொல்லலையே!” உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “இளைச்சுட்டாங்க. ஆனாலும் அம்மா அம்மாதான். வெளியில போர்டு வெச்சிடலாமா?”

இப்போது சொல்லியிருக்க வேண்டும். ஐயா, என் அம்மா வீட்டில் கிடக்கிறாள், உள்ளே நீங்கள் பார்த்தது என்னவென்று எனக்குத் தெரியாது, இந்த அறையைப் பூட்டுங்கள். அவ்வளவுதான். கப்பல்காரர் பலகையின் அளவைக் கையால் காற்றில் காட்டிக்கொண்டு நின்றார். வாசலில் ஆட்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

“வெச்சிடலாங்க” என்றாள்.

முதல் தடவை செய்ததைத் தப்பு என்று சொல்லலாம், தடுமாற்றம் என்றுகூடச் சொல்லலாம். இந்த இரண்டாம் தடவைக்கு அவளிடம் பெயரே இல்லை. மானம் கப்பலேறினால் ஊர் சிரிக்கும் என்பார்கள். இங்கே ஊர் பாராட்டிக்கொண்டிருந்தது, அதுதான் தாங்கவில்லை. அன்றைக்கு முழுக்க அவள் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சீட்டு கேட்டு நீளும் கைகளை மட்டும் பார்த்தாள்.

மாலையில் மின்சாரம் போனது. கடைசி ஆளையும் அனுப்பிவிட்டு வாசல் கதவைச் சாத்தினாள். சாத்திவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அத்தை சொன்னது மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. எங்கேயோ விட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்றால், எங்கே என்று மகளுக்குத் தெரியாதா? விட்டவள் இவள்தானே. விட்டதைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போவதும் இவள் வேலைதான். அம்மா எழுந்து உட்கார்ந்து ஒரு தடவை வாலு என்று கூப்பிட்டால் போதும். காலில் விழுந்துவிடுவாள்.

மூன்றாவது அறைக்கு ஜன்னல் கிடையாது. கூடத்துச் சாம்பல் வெளிச்சம் கயிறுவரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. அதற்கு அந்தப் பக்கம் கட்டிலின் கால்கள் மட்டும் தெரிந்தன. செருப்பைக் கழற்றினாள். கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனாள். தரை ஜில்லென்று இருந்தது. ஈரம்.

“அம்மா.”

மூலையில் மூச்சு நின்றது. அதுவரை ஒரு மூச்சு ஓடிக்கொண்டிருந்ததே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

“நான்தான்மா. யாரும் இல்லை. எல்லாரையும் அனுப்பிட்டேன்.”

துணி உரசியது. சுவரோடு.

“தப்புப் பண்ணிட்டேன்மா. எனக்குத் தெரிஞ்சது. சேலை நனைஞ்சிருந்தது தெரிஞ்சது. தெரிஞ்சேதான் சிரிச்சேன். வா. வீட்டுக்குப் போலாம்.”

இருட்டுக்குள் கையை நீட்டினாள். பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டாள். எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ. பிறகு உள்ளங்கையில் விரல்கள் வந்து அமர்ந்தன. காய்ந்த விரல்கள். கடைசி விரல் கோணல். அம்மாவுக்குச் சின்ன வயதில் துடுப்பில் சிக்கி ஒடிந்த விரல்.

அவள் அந்தக் கையை விடவில்லை. ஒரு கையாலேயே வாசலைப் பூட்டினாள். கடலோரச் சாலையில் மழை தூறலாகியிருந்தது, விளக்குகள் எரியவில்லை, அலைகள் தடுப்புச் சுவரில் மோதி மோதித் திரும்பின. பக்கத்தில் பார்க்காமல் நேராகப் பார்த்து நடந்தாள். அம்மாவின் நடைக்கு ஏற்றாற்போல் மெதுவாக. எதிரே வந்த சைக்கிள்காரன் இரண்டு பேருக்கு ஒதுங்குவதுபோல் நன்றாகவே ஒதுங்கினான். அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. பயத்தையும் மீறிக்கொண்டு அழுகை வந்தது. கூட்டிப் போகிறேன், கூட்டிப் போகிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தாள்.

திருப்பத்தில் பெட்டிக்கடைக்காரர் மெழுகுவத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். “அட, அம்மாவை நடத்தியே கூட்டிட்டு வந்துட்டியே! நல்லாயிட்டாங்களா?”

“ஆமாண்ணே.”

“சந்தோஷம்.” அவர் மெழுகுவத்தியைக் கொஞ்சம் உயர்த்தினார். “பின்னாடி வர்றவங்கெல்லாம் யாரு? விருந்தாளிங்களா?”

அவள் திரும்பவில்லை. நடையை எட்டிப் போட்டாள். இப்போது கேட்டது. செருப்புகள். நிறைய. ஈரச் சாலையில் அவசரமில்லாமல், ஒருவர் வேகத்துக்கு இன்னொருவர் காத்திருந்து, வழி தெரிந்தவர் பின்னால் போகிறவர்களின் நடை. யாரோ மெல்ல இருமினார்கள். யாரோ குடையை உதறினார்கள். அவள் நின்றால் அவர்களும் நின்றார்கள். காப்பாளர் வேலையில் இத்தனை வருஷம் முதுகுக்குப் பின்னால் கேட்டுப் பழகிய சத்தம்தான் அது. ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகும்போது.

அவள் வீட்டை அடைந்தபோது பக்கத்து வீட்டு அத்தை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கொல்லை வழியாகக் கிளம்பிக்கொண்டிருந்தாள். “சாப்பிட்டாங்க. விளக்கு ஏத்தி வெச்சிருக்கேன். நான் வரட்டா” என்று உள்ளேயிருந்தே குரல் கொடுத்துவிட்டுப் போனாள். கொல்லைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

வாசல்படியில் கால் வைத்ததும் உள்ளங்கையில் இருந்த விரல்கள் நழுவின. கை காலியானது.

உள்ளே கட்டிலில் அம்மா இருமினாள்.

மகள் ஓடினாள். அம்மாவின் கண்கள் திறந்திருந்தன. வெறுமனே திறந்திருக்கவில்லை, பார்த்தன. தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, விளக்கு வெளிச்சத்தில் அவள் முகத்தைத் தேடித் தேடிப் பிடித்து, “வாலு” என்றாள். “எங்கடி போயிட்ட இவ்ளோ நேரம்?”

கட்டிலடியில் அப்படியே விழுந்து அம்மாவின் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். அம்மா அவள் தலையைத் தடவினாள். கோணல் விரல் வகிட்டில் ஊர்ந்தது. எத்தனையோ நாள் கழித்து அவளுக்கு மூச்சு முழுசாக உள்ளே போய் வந்தது.

தடவிய கை நின்றது.

“வாலு. யாருடி இவங்கெல்லாம்?”

திரும்பிப் பார்த்தாள்.

வாசலில் நின்றார்கள். ஜன்னலில் நின்றார்கள். வீட்டுக்குள் மூன்று சுவரோரமும் நின்றார்கள். ஈர உடுப்பு. பொறுமையான முகங்கள். சீட்டு வாங்கியவர்களின் முகங்கள். ஒருவர் தோளுக்கு மேல் இன்னொருவர் எட்டிப் பார்த்துக்கொண்டு, ஓசையில்லாமல்.

“போகச் சொல்லுடி” என்றாள் அம்மா. இந்தத் தடவை யாரோ ஒரு பிள்ளையிடம் அல்ல. மகளிடம். “எனக்கு வெட்கமா இருக்கு.”

போங்க என்று சொல்ல எழுந்தாள். எல்லாரும் வெளியே போங்க, இது எங்கள் வீடு. அதைத்தான் சொல்ல வாயைத் திறந்தாள். முகம் மலர்ந்தது. அதை அவளால் நிறுத்த முடியவில்லை.

“வாங்க, வாங்க” என்றது அவள் குரல், தெளிவாக, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி. “உயரமா இருக்கிறவங்க கொஞ்சம் பின்னாடி நில்லுங்க. தொட வேண்டாம். கிட்ட வந்து பாருங்க.”

அவர்கள் கிட்ட வந்தார்கள்.

அம்மா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். மகள் குனிந்தாள். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது, உதடு சிரித்துக்கொண்டிருந்தது. விளக்கை நன்றாக நகர்த்தி வைத்துவிட்டு, அம்மாவின் முகத்திலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக விலக்கத் தொடங்கினாள்.